டிவியில் விளம்பரத் தொல்லையா? காட்டுவது யார் என்று முதலில் பாருங்கள்

ஈரோட்டில் இருக்கும் அத்தையிடமிருந்து ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு போன். "ஏங்கண்ணு, டிவியப் போட்டா பேய் கத்துது. சாமி கும்பிடற நேரத்துல என்ன கருமம் இது?" பக்திப் பாட்டு போடலாம் என்று டிவியை ஆன் செய்திருக்கிறார். பாட்டுக்கு முன்னால் ஹோம் திரையில் ஒரு திகில் பட டிரெய்லர் முழுச் சத்தத்தோடு ஓடியிருக்கிறது. எந்தக் கம்பெனி டிவி என்பதை விட்டுவிடுவோம். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் வீட்டு டிவிகளுக்கெல்லாம் நான்தான் வைத்தியர். பார்த்த நோய்களையும் கொடுத்த மருந்துகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில நோய்களுக்கு மருந்தே இல்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மிச்சமாகும்.

எதையும் தொடும் முன் ஒரு சோதனை

டிவியில் விளம்பரம் காட்டுபவர்கள் நான்கு பேர். டிவி செய்த கம்பெனி. அதில் ஓடும் கூகுள் டிவி, ஃபயர் டிவி போன்ற இயங்குதளம். யூடியூப், பிரைம் வீடியோ போன்ற ஆப். கடைசியாக டிடிஎச் அல்லது கேபிள் செட்டாப் பாக்ஸ். ஒருவர் செய்யும் தொல்லையை இன்னொருவர் மெனுவில் தேடுவதால்தான் பாதிப் பேர் மண்டை காய்கிறார்கள்.

வீட்டு ரவுட்டரை அணைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். செட்டாப் பாக்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். நெட் இல்லாதபோதும் திரையின் ஓரத்தில் விளம்பரப் பட்டை வந்தால், அது சேனலோ டிடிஎச் கம்பெனியோ காட்டுவது. டிவி செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் போகாது. நெட் இல்லாதபோது நின்றுவிட்டால் மற்ற மூவரில் ஒருவர். இப்போது ரவுட்டரைப் போடுங்கள். எந்த ஆப்பையும் திறக்காமல் ஹோம் திரையிலேயே வந்தால் கம்பெனி அல்லது இயங்குதளம். ஒரு குறிப்பிட்ட ஆப்புக்குள் போன பிறகுதான் வருகிறது என்றால் அந்த ஆப். ஹோம் திரையில் ஏற்கெனவே இறங்கிய படங்கள் நெட்டை அணைத்த பிறகும் சற்று நேரம் நிற்கலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம், டிவியின் விளிம்பில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்பதைவிட உள்ளே எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பதே முக்கியம். நம் ஊரில் விற்கும் பல பிராண்டுகளுக்குள் இருப்பது கூகுள் டிவி அல்லது அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டு டிவிதான். சாம்சங்கில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ். கீழே நான் சொல்லும் மெனுப் பெயர்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். பக்கத்து மெனுவிலும் ஒரு எட்டுப் பாருங்கள்.

டிவியைப் போட்டதும் டிரெய்லர் அலறுகிறது

இதுதான் அத்தையின் நோய். அதிகம் பேர் கேட்பதும் இதுதான்.

பழைய ஆண்ட்ராய்டு டிவி என்றால் எளிது. செட்டிங்ஸ், டிவைஸ் பிரிஃபரன்சஸ், ஹோம் ஸ்கிரீன் என்று போனால் வீடியோ பிரிவியூ, ஆடியோ பிரிவியூ என்று இரண்டு சுவிட்சுகள் இருக்கும். இரண்டையும் அணையுங்கள். படம் வரும், ஆடாது, பேசாது.

கூகுள் டிவியில் இவ்வளவு சுலபமில்லை. அங்கே இருக்கும் நல்ல வழி "ஆப்ஸ் ஒன்லி மோட்". செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் கணக்கைத் திறந்தால் இந்தச் சுவிட்ச் தெரியும். இதைப் போட்டதும் "உங்களுக்காக" என்று அடுக்கடுக்காக வரும் பரிந்துரைகள் மறைந்து, நீங்கள் நிறுவிய ஆப்புகள் மட்டும் நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு: ரிமோட்டில் பேசித் தேடும் உதவியாளர் வேலை செய்யாது. மேலே இருக்கும் பெரிய பட்டையும் முழுதாகப் போய்விடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பேசித் தேடுவதையே நம்பியிருக்கும் தாத்தா, பாட்டி இருக்கும் வீட்டில் இதைச் செய்யும் முன் அவர்களிடம் கேளுங்கள். என் பெரியப்பா வீட்டில் கேட்காமல் செய்துவிட்டு அன்று மாலையே திரும்பப் போக வேண்டியதாயிற்று.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஹோம் திரையையே மாற்றலாம். பிளே ஸ்டோரில் புரொஜெக்டிவி லாஞ்சர் போன்றவை கிடைக்கும். விளம்பரமே இல்லாத வெறும் ஆப் வரிசை. ஆனால் கூகுள் ஹோம் திரையை ஓரங்கட்ட அது "அக்சஸிபிலிட்டி" அனுமதி கேட்கும். திரையில் நடப்பதையெல்லாம் பார்க்கக்கூடிய பெரிய அனுமதி அது. எனக்குப் பரவாயில்லை என்று கொடுத்தேன். நீங்கள் யோசித்துக் கொடுங்கள். பெயர் தெரியாத லாஞ்சருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஃபயர் டிவியில் செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், "ஃபீச்சர்டு கன்டென்ட்". அங்கே வீடியோ தானாக ஓடுவதற்கும் ஒலி தானாக வருவதற்கும் தனித்தனிச் சுவிட்சுகள். இரண்டையும் அணைத்தால் மேலே உள்ள விளம்பரம் அசையாத படமாக நிற்கும். நின்றுதான் தீரும், போகாது.

எல்ஜியில் ஜெனரல், சிஸ்டம், அடிஷனல் செட்டிங்ஸ் வழியாக "ஹோம் செட்டிங்ஸ்" போனால் ஹோம் புரமோஷன், கன்டென்ட் ரெகமண்டேஷன் என்று இரண்டு இருக்கும். அணைத்தவுடன் திரை நன்றாகவே வெறிச்சோடும். எனக்குத் தெரிந்தவற்றில் நேர்மையான சுவிட்ச் இதுதான். ஆனால் மெனுவின் இத்தனை ஆழத்தில் ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், பதில் உங்களுக்கே தெரியும்.

நெட்ஃபிளிக்ஸுக்குள் போனதும் ஒவ்வொரு படமாக ஆடத் தொடங்கினால் அது வேறு கதை. டிவியில் அதற்கு மருந்து தேடாதீர்கள். போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரௌசரில் நெட்ஃபிளிக்ஸ் கணக்கைத் திறந்து, புரொஃபைல் செட்டிங்ஸில் முன்னோட்டங்கள் தானாக ஓடுவதை நிறுத்துங்கள்.

நான் போடாத சேனல் தானாக ஓடுகிறது

சாம்சங் டிவியைப் போட்டதும் ஏதோ ஒரு செய்திச் சேனலோ சமையல் சேனலோ ஓடினால், பெரும்பாலும் அது சாம்சங் டிவி பிளஸ். இந்தியாவுக்கு 2021 மார்ச்சில் வந்த, விளம்பரத்தில் ஓடும் இலவசச் சேவை. செட்டிங்ஸில் "ஸ்மார்ட் ஃபீச்சர்ஸ்" என்ற இடத்தில் "ஆட்டோரன்" என்று தொடங்கும் சுவிட்சுகள் இருக்கும். அத்தனையையும் அணைத்துவிடுங்கள். அடுத்த முறை டிவி நீங்கள் கடைசியாகப் பார்த்த இணைப்புக்கே போகும். இரண்டு நிமிட வேலை.

சும்மா விட்டால் ஸ்கிரீன்சேவரில் விளம்பரம் வருகிறது

எல்ஜி 2024இல் கொண்டுவந்த வழக்கம். படத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் திரையில் விளம்பரம் வந்து உட்கார்ந்துவிடும். அடிஷனல் செட்டிங்ஸில் "ஸ்கிரீன் சேவர் புரமோஷன்" என்ற சுவிட்சை அணையுங்கள். தீர்ந்தது.

டிடிஎச்சில் பார்ப்பதைக்கூட டிவி தெரிந்து வைத்திருக்கிறதோ?

சந்தேகம் வீண் இல்லை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் விளம்பரங்களைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

பல ஸ்மார்ட் டிவிகளில் திரையில் ஓடுவது என்ன என்று தானாகக் கண்டறியும் ஒரு மென்பொருள் இருக்கிறது. ஏசிஆர் என்பார்கள். திரையில் தெரியும் படத்தையும் ஒலியையும் அவ்வப்போது பிடித்து, அதைக் கைரேகை மாதிரி ஒரு சின்னக் குறியீடாக்கி, கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். அங்கே லட்சக்கணக்கான நிகழ்ச்சிகளின் கைரேகைகளோடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இந்த நேரத்தில் இது ஓடியது என்று குறித்துக்கொள்வார்கள். அது எந்த வழியாக வந்த படம் என்பது பொருட்டே இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2024இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தார்கள். எச்டிஎம்ஐயில் லேப்டாப்பை மாட்டி, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதும் இந்த அனுப்புதல் நடந்தது. நம் வீட்டு செட்டாப் பாக்ஸும் எச்டிஎம்ஐயில்தானே தொங்குகிறது! அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: செட்டிங்ஸில் மறுத்த பிறகு அந்த அனுப்புதல் நின்றுபோனது. ஆகவே கீழே உள்ள சுவிட்சுகள் சும்மா ஒப்புக்கு இல்லை.

சாம்சங்கில் "டெர்ம்ஸ் அண்ட் பிரைவசி" என்ற பக்கம். சில மாடல்களில் ஜெனரல் அண்ட் பிரைவசிக்குக் கீழே, சிலவற்றில் சப்போர்ட்டுக்குக் கீழே இருக்கும். அதில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்" டிக்கை எடுங்கள். அடுத்து "இன்டரஸ்ட் பேஸ்டு அட்வர்டைசிங்" டிக்கையும் எடுங்கள். கோபத்தில் எல்லா டிக்கையும் எடுத்துவிடாதீர்கள், பொது விதிமுறையை மறுத்தால் ஆப்புகள் பகுதியே மூடிக்கொள்ளும்.

எல்ஜியில் இரண்டு இடம். அடிஷனல் செட்டிங்ஸில் "லைவ் பிளஸ்" அணைக்க வேண்டும். அதோடு சப்போர்ட்டில் உள்ள "யூசர் அக்ரிமென்ட்ஸ்" பக்கத்தில் "வியூயிங் இன்ஃபர்மேஷன்" ஒப்புதலைத் திரும்பப் பெற வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள் பலர். நானும் முதல் தடவை அப்படித்தான் எழுந்தேன். சோனியில் "சாம்பா இன்டராக்டிவ் டிவி" என்று ஒன்று தெரிந்தால் அதை அணையுங்கள், எல்லா மாடலிலும் இருக்காது. கூகுள் டிவி உள்ள எந்த டிவியிலும் பிரைவசி பகுதியில் "ஆட்ஸ்" என்பதற்குள் போய் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடலாம். ஃபயர் டிவியில் பிரைவசி செட்டிங்ஸுக்குள் இதே வகைச் சுவிட்சுகள் மூன்று நான்கு உண்டு.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இத்தனையும் செய்த பிறகு விளம்பரங்கள் குறையாது, உங்களைக் குறிவைத்து வருவதுதான் நிற்கும். நேற்று பார்த்த பிரஷர் குக்கருக்குப் பதில் யாரோ ஒருவருக்கான கார் விளம்பரம் வரும். "எல்லாத்தையும் அணைச்சேன், இன்னும் வருதே" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

கம்பெனிகளுக்கு இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், லாபம் இங்கேதான். நம் ஊரில் விற்காத விசியோ என்ற அமெரிக்க டிவி கம்பெனியின் கணக்கு பொதுவெளியில் இருப்பதால் அதைச் சொல்கிறேன். 1.1 கோடி டிவிகளில் பார்ப்பவர் அனுமதி இல்லாமல் பார்வை விவரம் திரட்டியதற்காக 2017இல் அது 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அதன் பிறகும் தொழில் படுக்கவில்லை. 2021இன் மூன்றாம் காலாண்டில் டிவிப் பெட்டிகள் விற்றதில் வந்த மொத்த லாபத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் விளம்பரம், தரவுப் பிரிவில் வந்தது. 43 அங்குல டிவி இவ்வளவு மலிவாகிவிட்டதே என்று நாம் கடையில் மகிழ்ந்ததன் மறுபக்கம் இது. 2025 டிசம்பரில் டெக்சஸ் மாநில அட்டர்னி ஜெனரல் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து கம்பெனிகள் மீதும் இதே ஏசிஆர் விஷயத்துக்காக வழக்குப் போட்டார்.

ஆப்புக்குள் படத்தின் நடுவே விளம்பரம்

சந்தா கட்டியும் பிரைம் வீடியோவில் விளம்பரம் வருகிறதே, டிவியில் கோளாறா என்று கேட்கிறார்கள். கோளாறு இல்லை. 2025 ஜூன் 17 முதல் இந்தியாவிலும் பிரைம் வீடியோவில் விளம்பரம் உண்டு. வேண்டாமென்றால் அதற்கு மேல் மாதம் 129 அல்லது வருடம் 699 ரூபாய் என்று அறிவித்தார்கள். முன்பு வாங்கிய அதே சந்தாவின் தரத்தைக் குறைத்துவிட்டு, பழைய தரத்துக்குத் தனி விலை. எனக்கு இதில் கசப்புதான், ஆனால் டிவியின் மேல் பழி இல்லை.

யூடியூப்பும் அப்படியே. டிவியில் பிரீமியம் எடுத்தால்தான் முழுதாக நிற்கும். 2025 செப்டம்பரில் "பிரீமியம் லைட்" மாதம் 89 ரூபாய்க்கு வந்தது. மலிவு என்று பாய்ந்து எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்: அதில் பாட்டு வீடியோக்களுக்கு விளம்பரம் தொடரும். அத்தைக்குத் தேவை பாட்டுதான், ஆகவே அவருக்கு லைட்டால் பயனில்லை.

இலவசமாக யூடியூப் விளம்பரத்தை வெட்டும் மாற்று ஆப்புகளை எங்கிருந்தோ இறக்கி நிறுவச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. உங்கள் கூகுள் கணக்கு நுழைந்திருக்கும் டிவியில், யார் செய்தது என்று தெரியாத கோப்பை நிறுவுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

விளம்பரம் வந்தால் மட்டும் சத்தம் எகிறுகிறது

சவுண்டு செட்டிங்ஸில் "ஆட்டோ வால்யூம்" அல்லது அதை ஒத்த பெயரில் ஒன்று இருக்கும். போடுங்கள். உயர்ந்த சத்தத்தை அது அமுக்கும். நல்ல ஸ்பீக்கர் வைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு ஒலி தட்டையாகிவிட்டது போல் தோன்றும். குழந்தை தூங்கும் வீட்டுக்கு இதுவே வரம்.

ஒரே அடியாக வீடு முழுக்க நிறுத்த முடியாதா?

ஓரளவு முடியும். நெட்டில் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரி எண்ணைத் தேடித் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். விளம்பர சர்வர்களின் பெயரைக் கேட்டால் "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லிவிடும் டிஎன்எஸ் சேவைகள் உண்டு. ஆட்கார்டு டிஎன்எஸ் இலவசம். அதன் முகவரிகள் 94.140.14.14, 94.140.15.15. ரவுட்டரின் டிஎன்எஸ் இடத்தில் இவற்றைப் போட்டால் ஹோம் திரை விளம்பரங்களில் பல காலியான கட்டமாகிவிடும், கண்காணிப்பு அனுப்புதல்களும் குறையும். நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரில் அந்த இடம் பூட்டியிருந்தால் டிவியின் நெட்வொர்க் செட்டிங்ஸிலேயே போடலாம். சாம்சங்கில் டிஎன்எஸ்ஸை மட்டும் தனியாகக் கையால் எழுதலாம். ஆண்ட்ராய்டு வகை டிவிகளில் ஐபி செட்டிங்ஸை "ஸ்டாடிக்" ஆக்கி மற்ற எண்களையும் சேர்த்து எழுத வேண்டும். அதில் ஒரு எண் தவறினாலும் நெட் வராது, பழைய எண்களை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் இருந்து ஆர்வமும் இருந்தால், இதே தடுப்பு வேலையை வீட்டுக்குள்ளேயே செய்யும் பை-ஹோல் என்ற மென்பொருளை நிறுவலாம். அது ஒரு தனிப் பொழுதுபோக்கு.

இதற்கு எல்லை உண்டு. யூடியூப் விளம்பரம் இதனால் போகாது, ஏனென்றால் விளம்பரமும் வீடியோவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் போகும். சில டிவிகள் நாம் கொடுத்த டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டுத் தமக்குள் எழுதிவைத்த முகவரியைக் கேட்கும். ஏதாவது ஆப் திறக்க மறுத்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் அணைத்தேன், ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது

அப்டேட். டிவி தானாக மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு மறுநாள் காலை ஒரு ஒப்பந்தப் பக்கத்தைக் காட்டும். "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்பது பெரிய பட்டனாக, ரிமோட்டின் ஓகே ஏற்கெனவே அதன் மேல் நிற்கும்படி இருக்கும். வீட்டில் பெரியவர்கள் "இதை அமுக்கினாத்தான் பாட்டு வருது" என்று அமுக்குவார்கள். அத்தை வீட்டில் இரண்டு முறை நடந்தது. இப்போது அத்தைக்கு ஒரே விதி: டிவியில் எழுத்தாக ஏதாவது வந்தால் அமுக்காமல் எனக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நான் எந்த பட்டன் என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

பழைய ஆண்ட்ராய்டு டிவியில் இன்னொரு காரணமும் உண்டு. பிளே ஸ்டோரில் "ஆண்ட்ராய்டு டிவி ஹோம்" ஆப்பின் அப்டேட்டுகளை நீக்கினால் பெரிய பட்டை இல்லாத பழைய ஹோம் திரை திரும்பும். ஆனால் தானியங்கி அப்டேட்டை நிறுத்தாவிட்டால் ஓரிரு நாளில் புதியது வந்து உட்கார்ந்துவிடும்.

எந்த வழியிலும் போகவில்லை

இரண்டு வழி மிச்சம். ஒன்று, டிவியின் நெட்டை நிரந்தரமாகத் துண்டிப்பது. கூகுள் டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்தால் ஆரம்பத்திலேயே "பேசிக் டிவி" என்று ஒரு வழி காட்டும். அதைத் தேர்ந்தால் கணக்கும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், வெறும் திரையாக நிற்கும். ஓடிடிக்கு எச்டிஎம்ஐயில் ஒரு ஸ்டிக் அல்லது பாக்ஸ். ஸ்டிக்கும் விளம்பரம் காட்டத்தான் செய்யும். பிடிக்காவிட்டால் சில ஆயிரத்துக்கு வேறொன்று மாற்றிக்கொள்ளலாம், சுவரில் மாட்டிய டிவியை அப்படி மாற்ற முடியாது.

இரண்டு, புகார். சேனல்களுக்குக் கேபிள் டிவி விதிகளில் மணிக்கு 12 நிமிடம் என்று விளம்பர வரம்பு எழுதியிருக்கிறது. டிவியின் ஹோம் திரைக்கு அப்படி வரம்பு எழுதப்படவில்லை. ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. ஓயாமல் நச்சரிப்பதும், விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாமல் காட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடும் முன் பில், மாடல் எண், விளம்பரம் திரையில் தெரியும் படம், அணைக்கும் சுவிட்ச் இல்லாத மெனுவின் படம், அதைச் செய்த தேதி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "டிவியில விளம்பரம் வருது" என்று மட்டும் சொன்னால் சேனல் விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள். "எந்தச் சேனலும் போடாதபோது, ஹோம் திரையில், நான் மறுத்த பிறகும் வருகிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.